என் மனைவிக்கு வந்த என் கல்யாண அழைப்பு

விதிமுறை தெரிந்தவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்காமலேயே சொல்லிவிடுவான் என்பதுதான் காரணம். நான் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன். யார் யாருக்கு என்ன உறவு என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. (அழுதுகொண்டே வந்தாலும் ஆதாரம் கேட்ட கை இது.)

என் அறுபதாம் கல்யாணத்துக்காக மகள் கவிதா சொந்தக்காரர்களுக்கென்று ஒரு செயலி செய்தாள். சென்னையில் அவளுக்கு அதுதான் வேலை. ஆட்களுக்கு ஓர் அட்டவணை, உறவுகளுக்குத் தனி அட்டவணை. யார், யாருக்கு, என்ன உறவு, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். அதைப் பார்த்து அவரவர் முறை சொல்லி அழைப்பு தானாகப் போய்விடும்.

“ஒரே ரெண்டு பேருக்கு நடுவுல எத்தினி வரி வேணா வரலாம்பா” என்றாள்.

“கூடாதும்மா. ஒரு ஆளுக்கு ஒரு போஸ்டிங்தான். ரெண்டு இருந்தா, தேதில எது சீனியரோ அதை வெச்சிக்கினு இன்னொண்ண எடுத்துடணும்.”

“நம்ம ஊருக்கு அது சரிப்படாதுபா. தறில ஒரே பாவுல ரெண்டு மூணு கலர் ஊடை நூல் போவுதுல்ல, அது மாதிரிதான் இதுவும்.”

“தறி வேற, நிர்வாகம் வேற.”

அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். “உங்க கல்யாணம், உங்க ரூல்” என்று அப்படியே செய்துவிட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிறு விவரம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் மனைவி சரோஜா என் அக்காள் மகள். அவள் பிறந்த அன்றே நான் தாய்மாமன் ஆகிவிட்டேன். கணவன் ஆனது அவள் கல்லூரி முடித்த பிறகு. எது சீனியர் என்பதில் செயலிக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அழைப்பு போன காலை, சரோஜா கைப்பேசியோடு சமையலறையிலிருந்து வந்து உரக்கப் படித்தாள். “‘உங்கள் தாய்மாமனின் அறுபதாம் கல்யாணத்துக்குக் குடும்பத்துடன் வருக. மணமகள்: பதிவு இல்லை.’” பிறகு அமைதியாகக் கேட்டாள்: “பொண்ணு யாரு மாமா?”

அதற்குள் ஐயம்பேட்டையிலிருந்து அக்காள் கூப்பிட்டுவிட்டாள்.

“இன்னாடா தம்பி, இத்தினி வருசம் கழிச்சு எம் பொண்ண வோணாம்னுட்டியா? தெருவே விசாரிச்சிக்கினு இருக்குது!”

அக்காளாகத் திட்டி முடித்துவிட்டு, மாமியாராக மறுபடி ஆரம்பித்தாள். அவளுக்கு மட்டும் இரண்டு பதவியும் செல்லுபடியாகின.

கவிதா உடனே விதியை மாற்றி, ஒரே இருவருக்குள் பல உறவுகளை அனுமதித்தாள். “ஆனா, புருஷன்ற வரி அழிஞ்சிடுச்சுபா. நீங்க புதுசா கோரிக்கை அனுப்பணும், அம்மா ஏத்துக்கணும்.”

அனுப்பினேன். “பார்க்கலாம்” என்றாள் சரோஜா.

கல்யாணத்தன்று சின்ன காஞ்சிபுரம் மண்டபத்தில் நான் மட்டும் மாலையோடு மணையில் உட்கார்ந்திருந்தேன். “பொண்ண அழைச்சிண்டு வாங்கோ” என்றார் ஐயர். பெண், அரக்குப் பட்டில், விருந்தாளிகளோடு மூன்றாவது வரிசை நாற்காலியில் இருந்தாள். மாலையோடு இறங்கிப் போனேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“எனக்குத் தாய்மாமன் கல்யாணம்னுதான் அழைப்பு. பாத்துட்டு, சாப்ட்டுட்டுக் கெளம்பிடுவேன்.”

“முகூர்த்தம் போவுது சரோஜா. அந்தக் கோரிக்கைய ஏத்துக்கோயேன்.”

“உங்க ஆபீஸ்ல யாருக்காவது கேட்ட அன்னிக்கே குடுத்து இருக்கறீங்களா மாமா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைச் சபையில் சொல்ல முடியாது.

“சரி, இன்னா ஆதாரம் வேணும்?” என்றேன்.

“ரெண்டு சாட்சி.”

அக்காள் எழுந்துவிட்டாள். “நான் ஒண்ணு. எழுந்திருடி!”

“நான் ரெண்டாவது” என்றாள் கவிதா. “உங்க கல்யாணத்துக்கு என்னைவிட வேற இன்னா ஆதாரம்மா வேணும்?”

மண்டபம் சிரித்து ஓய்வதற்குள் சரோஜா மணைக்கு வந்துவிட்டாள். தாலி கட்டினேன். ஆனால் கைப்பேசியை அவள் தொடவில்லை.

இன்றும் செயலியில் அவள் பெயருக்கு நேரே, ‘தாய்மாமன்: ஏற்கப்பட்டது. கணவர்: நிலுவையில்’ என்றுதான் இருக்கிறது. சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை, “ஆர்டர் வந்துதா?” என்றுதான் கேட்கிறார்கள். இரண்டாவது காபி கேட்டால் சமையலறையிலிருந்து பதில் வரும்:

“மனு பரிசீலனைல இருக்குது. நாளைக்கு வாங்க.”