போர்வை நடுவில் என் பெயர்

பிறர் செய்த வேலைக்குப் பாராட்டு வாங்கிக்கொள்வதில் எனக்கு இயல்பாகவே திறமை உண்டு. ஒருமுறை அது என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்போது, தெலுங்கும் இந்தியும் கலந்து புழங்கும் எங்கள் ஊரில், மாரெட்பள்ளிப் பகுதியிலிருந்த ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்தேன். தற்காலிக வேலை. பாடத்திட்டம் வெளிநாட்டுடையது என்பதால், விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த நான் அமெரிக்க வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர்கள் ஆளுக்கொரு தலைப்பில் நடத்தும் பள்ளிக் கண்காட்சியைப் பார்வையிட ஓர் அதிகாரி வருகிறார், அவர் திருப்தி என்றால்தான் வேலை நிரந்தரம் என்று முதல்வர் சொல்லிவிட்டார்.

என் தலைப்பு, அமெரிக்கப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள். அங்கே குவில்ட் என்பார்கள், எங்கள் ஊர்த் தெலுங்கில் பொந்த. பாடப்புத்தகத்தை நம்பாமல் அந்தக் காலத்து மூல ஆவணங்களையே பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது விதி. அடிமை முறையை ஒழிக்கச் சந்தை நடத்திப் போர்வை விற்ற பெண்களின் அறிக்கைகள், ஓட்டுரிமை கேட்டுப் பெண்கள் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றையும் நகலெடுத்துச் சுவரில் ஒட்டினேன். நடுவில் தொங்கவிட நிஜப் போர்வை ஒன்று வேண்டுமே.

என் மனைவி சுமதி தையல்கடைகளில் வெட்டுத்துணி கேட்டு வாங்கி வந்தாள். கழுத்து பிடித்துக்கொள்ளும் வரை குனிந்து தைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடிமைப் பெண்கள் பட்ட பாட்டை அவளுக்கு உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தேன். (இடையில் காபி கேட்டதும் உண்டு.) முடியும் தறுவாயில், நடுச் சதுரத்தில் என் பெயரைப் பூத்தையலில் போடச் சொன்னேன்.

"வெறும் பேரு போதுமாங்க?"

"எம்.ஏ., பி.எட். சேர்த்துடு."

ஊசியில் மறுபடி நூலைக் கோத்துச் சேர்த்தாள்.

கண்காட்சியன்று அந்த அதிகாரி வந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாத பெண்மணி. பெற்றோர் வரிசையில் சுமதியும், அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்த எங்கள் மகள் நித்யாவும் இருந்தார்கள். நான் ஒரு நகலை எடுத்துப் படித்தேன். இறந்துபோன பண்ணை முதலாளி ஒருவரின் சொத்துப் பட்டியல் அது. குதிரை, போர்வைகள், அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், அதற்கு நேரே அவள் விலை. என் குரல் உடைந்துவிட்டது. அதில் நடிப்பு இல்லை. இன்றும் அந்த வரியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை.

"அந்தப் போர்வைகளை அவளே தைத்திருக்கலாம். நமக்குத் தெரியாது. எத்தனையோ போர்வைகளில் எஜமானியின் பெயர்தான் இருக்கிறது. தைத்தவள் யாரென்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை" என்று முடித்து, எங்கள் போர்வையை நோக்கிக் கையை நீட்டினேன்.

நித்யா எழுந்தாள். "அப்பா, இது அம்மா தைச்சதுதானே. உங்க பேரு கைக்கு?"

(கைக்கு என்றால் எதற்கு. எங்கள் ஊர் இந்தியில் இதைவிடக் கூர்மையான சொல் கிடையாது.)

அதிகாரி போர்வையருகே போய் என் பட்டங்களை நிதானமாகப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. சுமதி கழுத்தைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தாள். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க பேரு என்னம்மா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "பாடம் நல்லா இருந்தது. பசங்களுக்குப் புரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

நிரந்தரம் ஓராண்டு தள்ளிப்போனது.

அன்று வீட்டில் தோசையா சப்பாத்தியா என்று பேச்சு வந்தது. நித்யா ஓட்டெடுப்பு நடத்தினாள். நானும் கையைத் தூக்கினேன்.

"உங்களுக்கு ஓட்டு நக்கோ" என்றாள். (நக்கோ என்றால் கிடையாது.)

"எப்பக் கிடைக்கும்?"

"ஓட்டு கேட்ட அந்த லேடீஸ் எல்லாம் எவ்ளோ நாள் வெயிட் பண்ணாங்க? நீங்களும் பண்ணுங்க. மனு குடுங்க."

காலையிலிருந்து என் பக்கம் திரும்பாத சுமதி அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் எதிர்த்து வாதாடவில்லை. அதுவே பெரிய தவறாகிவிட்டது.

அடுத்த ஆண்டு வேலை நிரந்தரமானது. ஓட்டு கிடைக்கவில்லை. இப்போது நித்யாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. போன மாதம் மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருந்தார். எல்லோருமாக ஊட்டி போவதா, திருப்பதி போவதா என்று பேச்சு. "நீங்களும் கை தூக்குங்க மாப்பிள்ளை" என்றாள் சுமதி.

அவர் பாதி தூக்கிய கையோடு என்னைப் பார்த்தார். "மாமாவுக்கு?"

"அவர் மனு பரிசீலனையில இருக்கு" என்றாள் சுமதி.