நடைவண்டி நைனாவின் ஐஸ் வண்டி

“...கூடை தூக்கறவளுக்குக் கழுத்து கெடையாது மொதலாளி. பின்னாடி வர்றவன்தான் அவளுக்குக் கழுத்து. நான் இப்ப ஜல்தியா போனா ஐஸு பொழைக்கும், கழுத்து போய்டும். எது வோணும்னு நீங்களே சொல்லுங்க” என்று முடித்தார் நடைவண்டி நைனா.

கேட்டுக்கொண்டு நின்றவர் ஐஸ் ஃபேக்டரி முதலாளி. இடம் பழவேற்காடு, டச்சுக் கல்லறை மூலை, என் பஞ்சர் கடை வாசல். நேரம் காலை ஏழே முக்கால். வண்டியிலிருந்து உருகிய ஐஸ் தண்ணீர் என் கடைக்குள் புகுந்து, நான் கழற்றிப் போட்டிருந்த டியூபை நனைத்துக்கொண்டிருந்தது. முதலாளி வாய் திறப்பதற்குள் நைனா ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்வதற்கு முன்னால் நைனா யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் செய்தது உங்களுக்கு வெறும் கோபமாகத் தெரியும்.

மோட்டார் என்று ஒன்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அதை நைனாவைவிட மெதுவாக ஓட்டியவர் இந்தப் பூமியில் கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. நடைவண்டி என்றால் குழந்தைகள் தள்ளிக்கொண்டு நடை பழகும் மர வண்டி. இரண்டையும் சேர்த்து யார் முதலில் கூப்பிட்டார்களோ தெரியாது. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது.

மீன் ஏலக் கூடத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு பொன்னேரி ரோட்டில் அவர் எல்லோரையும் போலத்தான் வருவார். கல்லறை மூலை வந்ததும் வண்டிக்கு வேறு உயிர் வந்துவிடும். கரையிலிருந்து மீன்கூடைக்காரிகள் வரும் மண் வழியும், பொன்னேரியிலிருந்து வரும் தார் ரோடும் அந்த மூலையில்தான் சேர்கின்றன. அங்கிருந்து ஏலக் கூடம் வரை ஒரே தெரு. கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க நைனா எடுத்துக்கொள்ளும் நேரத்தில் டீக்கடையில் இரண்டாவது பால் கொதித்துவிடும்.

வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு வருபவர்கள் வழியில் இறங்கி, டீ சொல்லி, ஊதிக் குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் அதே வண்டியில் ஏறுவார்கள். வெயில் காலத்தில் ஒரு செவலை நாய் வண்டியின் நிழலிலேயே நடந்து தெரு முழுக்க வரும். ஒருமுறைகூட அது காலை வேகமாக எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. பஞ்சர் கடைக்காரனாக எனக்கு அவர்மேல் ஒரு மனக்குறை உண்டு. ஆறு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு ஆணி ஏறியதில்லை. அவர் வருகிற வேகத்துக்கு ஆணியே எழுந்து ஒதுங்கிக்கொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ரோட்டோரத்தில் யாராவது இறால் காயப் போட்டிருந்தால் மற்ற வண்டிகள் ஏறிப் போகும், இல்லை, திட்டிவிட்டுப் போகும். நைனா சீட்டுக்கடியில் ஒரு துடைப்பம் வைத்திருந்தார். இறங்குவார். இறாலை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்குவார். வண்டியை நகர்த்துவார். மறுபடியும் இறங்கி வந்து பழையபடி பரப்பி வைப்பார். ஒருநாள் இறாலுக்குச் சொந்தக்காரி வந்து, “இன்னா நைனா, நான் ஒரு முழம் பரப்பினேன், நீ ரெண்டு முழம் பரப்பி வெச்சிருக்க” என்றாள். “நீ பரப்பினது தட்டையா இல்லமே, அப்டி போட்டா காயுமா?” என்று அவளுக்கே பாடம் எடுத்தார்.

ஹாரன் அடிக்க மாட்டார். அடிக்க மாட்டார் என்ன, ஹாரனே கிடையாது. கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். “தலைல கூடையோட போறவ ஹாரன் சத்தம் கேட்டா இன்னா செய்வா? கழுத்த திருப்ப முடியாது. ஆளே மொத்தமா திரும்புவா. ரோட்டுக்குக் குறுக்க நிப்பா. அப்புறம் ஐயோன்னா யார் கேப்பா?” அதனால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கூடைக்காரிகள் நாற்பது பேரையும் முதுகைப் பார்த்தே அவருக்கு அடையாளம் தெரியும். “செல்வி, நான்தான் வரேன், நீ பாட்டுக்குப் போ. எம்மா ராணி, கால் வீக்கம் எறங்கிச்சா?”

“ஏன் நைனா, தெனமும் என் பின்னாடியே வரயே, ஊர் இன்னா பேசும்?” என்பாள் செல்வி, திரும்பாமலே.

“பேசட்டும்மே. நீ ஓரமா போ.”

இந்தக் குணம் அவருக்கு ரோட்டில் வந்ததில்லை, தண்ணீரில் வந்தது. வண்டிக்கு வருவதற்கு முன் அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் பசியாவரத்துக்குப் படகு விட்டுக்கொண்டிருந்தவர். எங்கள் ஏரியில் மார்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கவனமெல்லாம் விரலில் இருக்கும். படகு வருவது தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் பானை மிதப்பதுபோலத் தலை மட்டும் தெரியும். தலை தெரிந்தால் படகுக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மீறியவனையும் நான் பார்த்ததில்லை.

தோள் வலி வந்து படகை விட்டபின், நாற்பத்தைந்து வயதில் நைனா டிரைவிங் கற்கப் போனார். சொல்லிக்கொடுத்தவர், “எதிர்ல ஆள் வந்தா இன்னா செய்யணும்?” என்று கேட்டிருக்கிறார். “எஞ்சின அணைக்கணும் சார். அது சரி, கழிய எங்க ஊணறது?” என்றாராம் இவர். அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தவர் வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள்.

எல்லோரும் நைனா மாதிரி இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் காலையில் இந்தத் தெருவில்தான் பாயும். அப்படி ஒரு வேன் ஒருநாள் கூடைக்காரி கன்னியம்மாவின் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நைனா சொன்னது அப்படியே நடந்தது. அவள் ஆளோடு திரும்பினாள். வேனின் பக்கக் கண்ணாடி முழங்கையில் பட்டது. கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கை ஒடிந்து ஒரு மாதம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் அவள் கூடையைத் தொடவில்லை. “தலைல வெச்சா பின்னாடி ஹாரன் கேக்குதுண்ணா” என்று என்னிடம் சொன்னாள். அவள் கூடை தூக்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பு.

அதற்கப்புறம் கல்லறை மூலையில் ஒரு போர்டு வைத்தார்கள். சிவப்பு வட்டம், நடுவில் இருபது. நல்ல உறுதியான கம்பம். மறுநாளே அதில் வலையைக் கட்டிக் காயப்போட ஆரம்பித்தோம். வேன்காரர்கள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. நைனா மட்டும் அதன் எதிரில் வண்டியை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து வருத்தத்தோடு கேட்டார்.

“இருபதா? அவ்ளோ வேகமாவா போவச் சொல்றாங்க?”

அந்த வாரம் ஊர்க் கூட்டம். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடுவது இன்னார் முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வது. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறக்கக் கூடாது. இறக்கினால் ஊர் கேட்கும். அந்தக் கூட்டத்தில் நைனா எழுந்து, “நம்ம தெருவுக்கும் பாடு போடுங்க” என்றார்.

கூட்டத்தில் ஒருவர், “பாடு தண்ணிக்குப்பா. தார் ரோட்டுக்கு எவனாவது போடுவானா?” என்றார்.

“மழைக்காலத்துல வந்து பாரு. எது ரோடு எது ஏரின்னு எனக்கே தெரியல” என்றார் நைனா. “காலைல ஏழு மணிலேந்து ஏலம் முடியற வரைக்கும் கல்லறை மூலைலேந்து ஏலக் கூடம் வரைக்கும் கூடைக்காரிங்க பாடு. அந்த நேரத்துல உள்ள வர்ற வண்டி அவங்க நடக்கற நடைக்கு வரணும். அவ்ளோதான்.”

“வேன்காரன் கேப்பானா?”

“வேற ஊர்க்காரன் நம்ம பாட்டுல வலை போட்டா வுட்டுட்றோமா?”

ஊர் ஒப்புக்கொண்டது. பாட்டுக்கு எல்லையாக மூலையில் ஒரு கழி நட்டார்கள், ஏலக் கூடத்தருகே ஒரு கழி. இரண்டிலும் சிவப்புத் துணி. போர்டை மதிக்காத வேன்கள் இந்தக் கழியைப் பார்த்ததும் பிரேக் போட்டன. வேன் ஓட்டிய பையன்களில் பாதிப் பேர் ஏரியோரத்து வீட்டுப் பிள்ளைகள். இருபது என்றால் அவர்களுக்கு ஒரு எண். பாடு என்றால் ஊர். மற்றவர்களுக்கு நைனா கல்லறை வாசலைக் காட்டுவார். அங்கே தூணில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருப்பார்கள் டச்சுக்காரர்கள். “எவ்ளோ தூரத்துலேந்து எவ்ளோ அவசரமா கப்பல்ல வந்தாங்க. இப்ப பாரு, எவ்ளோ நிதானமா படுத்துனு இருக்காங்க” என்பார். அதற்குமேல் யார் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள்?

ஆனால் இதில் முதலில் மாட்டிக்கொண்டது நைனாதான். முன்பெல்லாம் கூடைக்காரிகளுக்கு இடையில் சந்து கிடைத்தால் கொஞ்சம் முந்திக்கொள்வார். பாடு என்றான பிறகு அதுவும் இல்லை. கூடம் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் பார் ஒவ்வொன்றும் சோப்புக்கட்டிபோல இளைத்துவிட்டது. முதலாளி திருப்பாலைவனம் பக்கத்தில் நெல் விளைவிக்கும் குடும்பம். கெட்ட மனிதர் இல்லை. ஏரியும் தெரியாது, பாடும் தெரியாது, அவ்வளவுதான். நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் ஃபேக்டரியில் எல்லோருக்கும் எதிரில் சொல்லிவிட்டார்: “நாளைக்கு ஏழரைக்கு ஐஸ் கூடத்துல இருக்கணும். இல்லன்னா சாவிய குடுத்துட்டுப் போய்க்கினே இரு.” படகும் போய்த் தோளும் போன மனிதருக்கு அந்தச் சாவியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

அந்த நாளைக்குத்தான் கன்னியம்மாவும் மறுபடி கூடை தூக்கினாள். செல்வி வீடு தேடிப்போய் இழுத்து வந்திருந்தாள்.

நைனா கல்லறை மூலையில் திரும்பும்போது மணி ஏழு முப்பத்தைந்து. தெரு முழுக்கக் கூடை. வரிசையின் கடைசியில் கன்னியம்மா. ஒரு அடி வைப்பாள், நிற்பாள். இன்னொரு அடி வைப்பாள், நிற்பாள். அவளுக்குப் பின்னால் ஐஸ் வண்டி. ஐஸ் வண்டிக்குப் பின்னால் ஒரு வேன். கூடத்தில் காத்திருந்து அலுத்துப்போன முதலாளி மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு எதிரில் வந்துவிட்டார். என் கடை வாசலில் ஐஸ் வண்டியை மடக்கி, “ஒரு ஓரமா ஒடிச்சுப் போய்யா, ஒரு பொம்பளதானே நிக்குது” என்றார். அதற்குத்தான் நைனா கழுத்தைப் பற்றிச் சொன்னார்.

சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார். சாவியை உருவினார். இறங்கி வந்து அதை முதலாளி கையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கன்னியம்மாவுக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி நடக்க ஆரம்பித்தார்.

“கன்னிமா, நான்தான் பின்னாடி. நீ பாட்டுக்குப் போ.”

“இன்னா நைனா, வண்டிச் சத்தமே காணோம்?”

“இன்னிக்கு வண்டி இல்லமே. நானே வரேன்.”

அவள் சிரித்தாள். கூடை குலுங்கியது. அதற்கப்புறம் அவள் நிற்காமல் நடந்தாள்.

முதலாளிக்கு வேறு வழியில்லை. ஐஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். ஹாரனை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். ஹாரன் என் கடை அலமாரியில், பசை டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. நான் கல்லறைத் தூணில் இருந்த எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டேன்.

வண்டி குலுங்கியது, நின்றது, துள்ளியது, மறுபடி நின்றது. பின்னால் இருந்த வேன்காரப் பையன் தலையை நீட்டி, “யோவ், எவன்யா அது புதுசு, நைனாவவிட மெதுவா ஓட்றான்” என்றான். நானும் டியூபைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தேன். செவலை நாயும் வந்தது. இத்தனை மெதுவை அதுவே பார்த்ததில்லை போல. நடுவில் படுத்து ஒரு தரம் சொறிந்துகொண்டு எழுந்து வந்தது.

டீக்கடை தாண்டும்போது முதலாளி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சட்டையெல்லாம் வியர்வை.

“நைனா, வந்து ஏறுய்யா. இந்தக் கிளச்சு எனக்கு ஆவல. நாளைலேந்து ஒரு மணி நேரம் முன்னாடியே ஐஸ் எடுத்து வெக்கச் சொல்றேன். ஐஸு உருகாம உமி ரெண்டு மூட்டை சேத்துப் போட்டுக்க. ஏழுக்குள்ள உள்ள வந்துடு. இந்தா சாவி.”

“இருங்க மொதலாளி. கன்னிமா கூடைய எறக்கட்டும்” என்றார் நைனா.

அவர் தலையில் கூடை ஒன்றும் இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லும்போது அவர் திரும்பவில்லை. கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, பின்னால் வண்டியோடு வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, ஏலக் கூடம் வரைக்கும் அப்படியே நடந்து போனார்.