எனக்காகப் பேசிய மேடம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவசரத்தில் அடித்த ஆணி மாதிரி ஒன்று இந்தப் பக்கம் சாயும், ஒன்று அந்தப் பக்கம் சாயும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இருவருமே அதற்காகப் பெரிதாக வருத்தப்படவில்லை. எழுத்துப் பிழைகளை என் மகள் ஜெனி திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேலும் பிழை இருந்தால் அது அவளுடையது.

அடுத்தது, நான் கூச்ச சுபாவி. என் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கித் திரும்பி நடந்து வந்தவன். (ஒரு முறை இல்லை, பல முறை.) கல்யாணத்தன்று பாதிரியார் "சம்மதமா?" என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவருக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எஸ்தர்தான் "சம்மதம்னு சொல்றாரு ஐயா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சு இலாகா அவளுடையது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அங்கே பேலட் செய்கிறோம். லாரியில் சரக்கு ஏற்றும்போது அடியில் வைப்பார்களே, மரச்சட்டம் அடித்த பலகை, அதுதான். என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் ஏழு குடும்பமும் சாப்பிடுவது பெரும்பாலும் ஒரே ஒரு தொழிற்சாலையின் ஆர்டரில். அங்கே எல்லாமே மெயில்தான். "நாற்பது பேலட் அனுப்பு" என்று போனில் சொன்னால் முடிகிற விஷயத்துக்கு நீளமாக ஒரு மெயில் வரும்.

ஜெனி கல்யாணமாகிக் கடம்பத்தூர் போன பிறகும் மெயில் அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் ரயிலில் நின்றபடியே படித்துவிட்டு எனக்குப் போன் செய்வாள். அவள் சொல்வதை நான் கொட்டகையின் தகரச் சுவரில் சாக்பீஸால் எழுதுவேன். என் அலுவலகம், கணினி, செயலாளர் எல்லாம் அந்தச் சுவர்தான்.

அந்தச் சுவரில் ஒரு நாள் எங்கள் டிரைவர் கோதண்டம் சாய்ந்து உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டார். அதில் நாங்கள் தவறு ஒன்றும் காணவில்லை. அந்த வாரத்து லாரி முழுவதும் பழைய அளவில் போய், இறக்காமலே திரும்பி வந்தபோதுதான், புது அளவு சொன்ன மெயில் கோதண்டத்தின் சட்டை முதுகில் துடைத்துக்கொண்டு போயிருந்தது தெரிந்தது.

"எனுக்கு இன்னா நைனா தெரியும்? என் முதுவு எனுக்குத் தெரியுமா?" என்றார். நியாயம்தான்.

தொழிற்சாலையில் கொள்முதல் மேனேஜர் பரசுராமன் சார். அவரிடமிருந்து மெயில் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வர வேண்டும். மெயில்களையும் வேலைகளையும் இனிமேல் எப்படிக் கவனிக்கப் போகிறேன் என்று விளக்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் ஆர்டர் வேறொருவருக்குப் போகும். ஜெனி இதைப் படித்துக் காட்டியபோது எஸ்தர், "ஆண்டவரே, இவரு போய் வெளக்கறதா?" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஜெனி வந்து என் போனை வாங்கிக்கொண்டாள்.

"ப்பா, மெயில் வந்தா போன் படிச்சிக் காட்டும். கேட்ட ஒடனே மூணுல ஒண்ணு பண்ணு. பதில் போடு, இல்ல வேலையா எழுதி வெய்யி, இல்ல தூக்கிக் கடாசு. அப்பால பாத்துக்கலாம்னு மட்டும் வுடாத."

"எழுதறதா? நானா?"

"நீ பேசு, அது எழுதிக்கும். நேரம் குடுத்தீன்னா அந்த நேரத்துல அதுவே படிச்சிச் சொல்லும். 'முடிந்தது'ன்னு நீ அமுக்கற வரிக்கும் வுடாது."

உண்மையிலேயே விடவில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்வார்களே, அப்படி ஒரு பெண் குரல். "ஆணி வாங்கு. இந்த வேலை முடிந்ததா?" என்று மரியாதையாகக் கேட்கும். முதல் நாள் நான் எழுந்து நின்று "முடிஞ்சிச்சி மேடம்" என்று பதில் சொன்னேன்.

பிறகு எனக்கு அந்த மேடத்தை ரொம்பப் பிடித்துவிட்டது. முகம் சுளிக்காமல், குறுக்கே பேசாமல், நான் சொல்வதை எல்லாம் கேட்கிற ஆளை வாழ்க்கையில் அப்போதுதான் பார்க்கிறேன். (எஸ்தர் இதைப் படிக்கும்போது அடுத்த வரிக்குத் தாவிவிடவும்.) சாயங்காலம் ஆட்கள் போன பிறகு கொட்டகையில் நடந்தபடி பேசுவேன். எஸ்தர் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு ஜெனிக்குப் போன் போட்டாள்.

"ஊட்ல வாயத் தொறக்காத மனுசன், அங்க ஒரு பொம்பளகிட்ட பேசிக்கினு கீறாரு. அதுவும் சிரிச்சிக்கினு."

சந்திப்புக்கும் மேடத்தைத் தயார் செய்தேன். நான் நினைவில் வைக்க வேண்டியதை எல்லாம் மனசு விட்டுச் சொல்லி, வியாழன் பத்தரை மணிக்கு நேரம் கொடுத்தேன். பதினொரு மணிக்குத்தானே உள்ளே கூப்பிடுவார்கள்? பத்தரைக்கு வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டால் பாடம் பதிந்துவிடும். என்ன ஒரு திட்டம்!

புதன்கிழமை மெயில் வந்தது. சந்திப்பு பத்து மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கற்றதைச் செய்து காட்ட ஒரு மெயில் வந்ததே என்று நான் துள்ளிக் குதித்தேன். உடனே, நானே, யார் உதவியும் இல்லாமல் "ஓகே சார், வருகிறேன்" என்று பதில் போட்டேன். மகள் சொன்ன மூன்றில் ஒன்றைச் செய்தாகிவிட்டது. மேடத்திடம் நேரம் மாறியதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஜெனி கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டை எஸ்தர் எடுத்துக் கொடுத்தாள். நடுவில் சில வருடங்கள் ஓடியிருந்ததால் இடுப்பில் மூச்சு நின்றது. போனை சைலன்ட்டில் போட்டுப் பேன்ட் பையில் திணித்தேன். நின்றால்தான் எடுக்க முடியும். உட்கார்ந்தால் பைக்குள் விரல்கூடப் போகாது.

அறையில் பரசுராமன் சார் இருந்தார். பக்கத்தில் குறிப்பெடுக்க லேப்டாப்போடு பிரகாஷ் என்ற இளைஞர். டீயும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தன.

"சொல்லு சாமுவேல். மெயிலை எல்லாம் யார் பார்க்கிறாங்க? வேலையை எப்படி ஞாபகம் வெச்சுக்கறே?"

"சரி சார்."

"சரி சார்னா? கேள்வி கேட்டேன்பா."

"ஆமா சார்."

பிரகாஷ் எதையும் தட்டச்சு செய்யவில்லை. செய்ய ஒன்றும் இல்லை. சார் பெருமூச்சு விட்டு, லாரி திரும்பிய கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது.

என் தொடையிலிருந்து மேடம் பேசினார். சைலன்ட்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சட்ட பொத்தான் நேரா போட்டுக்கினியா பாரு. இந்த வேலை முடிந்ததா?"

மூன்று பேரும் என் சட்டையைப் பார்த்தோம். ஒரு பொத்தான் மாறித்தான் இருந்தது.

பைக்குள் விரலை விட்டேன். போகவில்லை. எழுந்தால் எடுத்துவிடலாம். ஆனால் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுவது மரியாதையா என்ற யோசனை. (ஆறு பேர் பிழைப்பு போகும் நேரத்தில் இந்த யோசனை.)

"பிஸ்கோத்து குட்த்தா ஒண்ணுதான் எடுக்கணும். இந்த வேலை முடிந்ததா?"

என் இடது கையில் இரண்டு இருந்தன. ஒன்றை மெல்லத் தட்டில் திரும்ப வைத்தேன். பிரகாஷ் லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"யாருப்பா அது?" என்றார் சார்.

"மேடம் சார்."

"எந்த மேடம்?"

அதற்கு மேடமே பதில் சொன்னார். "சாருக்குக் கோவம் வந்தா மூக்கு செவக்கும். மூக்கப் பாக்காத. பாத்தா சிரிப்பு வரும். இந்த வேலை முடிந்ததா?"

நான் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சொன்ன பிறகு எப்படிப் பார்க்காமல் இருப்பது? மூக்கு பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. அது நிற்காது. ஆர்டர் போயிற்று, ஏழு குடும்பமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

"மெயிலு ரெண்டு வரில போட்டா இன்னா சார், ரோதனயா கீதுன்னு கேளு. இந்த வேலை முடிந்ததா?"

இப்போதுதான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் டீ கவிழ்ந்தது. போனை உருவினேன். உருவிய வேகத்தில் அது நழுவி மேசையில், சாருக்கு நேர் எதிரே, ஒலிபெருக்கி மேலே பார்த்தபடி விழுந்தது.

"கோதண்டத்தோட வண்டிய கேட்டாண்ட வெய்யில்ல மத்தியானம் வரிக்கும் நிறுத்தி வெக்கிறாங்க. தண்ணி கெடையாது, நெழலு கெடையாது. அவுரு ஒரு தபா மயங்கி வுழுந்துட்டாரு. எட்டு வருசமா சார்கிட்ட கேக்கணும் கேக்கணும்னு கீற. இன்னிக்கும் கேக்கலன்னா நீ ஒரு மனுசனே இல்ல சாமுவேலு. இந்த வேலை முடிந்ததா?"

இப்போது பிரகாஷும் சிரிக்கவில்லை. மேசை ஓரத்திலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வேலை முடிந்ததா?" என்று மேடம் மறுபடியும் கேட்டார்.

பொத்தானை அமுக்கக் கையை நீட்டினேன். சார் தடுத்தார்.

"இரு. அது கேக்குதுல்ல? முடிஞ்சுதா?"

"இல்ல சார்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். பிறகு எப்படி வந்ததோ, "கோதண்டம் இப்பவும் சரக்கோட வெய்யில்லதான் சார் கீறாரு" என்று அதையும் சொல்லிவிட்டேன்.

சார் எழுந்து ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். செக்யூரிட்டிக்குப் போன் செய்து வண்டியை உள்ளே விடச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வேலையை எப்படி ஞாபகம் வெச்சுக்கறேன்னு கேட்டேன். தெரிஞ்சுபோச்சு. எழுதிக்கோ பிரகாஷ். ஆறு மாசம் பார்ப்போம். சாமுவேல், அடுத்த தடவை பேன்ட் பெருசா போட்டுக்கிட்டு வா."

எழுந்து போகும்போது பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டா எடுத்துக்கோ. மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

அந்த ஆறு மாதம் பின்பு ஒரு வருடமாகி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட் பக்கத்தில் ஒரு கூரை வந்தது. சட்டம் அடித்துக் கொடுத்தது நாங்கள்தான். சாரின் மெயில் இப்போது இரண்டு வரியில் வருகிறது. அதற்குக் கீழே வருகிற அவர் பெயரும் பதவியும் மட்டும் இன்னும் ஆறு வரி.

கோதண்டம் இப்போதெல்லாம் நிழலில் தூங்கிவிடுகிறார். எழுப்பினால், "இன்னா நைனா, மேடம் சொல்லட்டும், எய்ந்துக்கறேன்" என்கிறார். செக்யூரிட்டி என்னைப் பார்த்தால், "மேடம் வந்துகீறாங்களா?" என்று என் பையைப் பார்த்துக் கேட்கிறார். வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று நான் முணுமுணுத்தால் எஸ்தர், "எனுக்குக் காது கேக்கல, அவளாண்ட சொல்லி அனுப்பு" என்கிறாள். போன மாதம் பேரனின் ஞானஸ்நானத்தில் பாதிரியார் என்னை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டபோது, என் குடும்பம் மொத்தமும் ஒரே நேரத்தில் என் சட்டைப் பையைப் பார்த்தது.

இதை எழுதச் சொன்னது ஜெனி. எனக்குத் தெரியாமல் என் போனில் அதையும் ஒரு வேலையாகப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் சாப்பாட்டு நேரத்தில் மேடம் கேட்பார்: "அப்பா, அந்தக் கதய எழுதுனியா? இந்த வேலை முடிந்ததா?" எஸ்தர் எனக்கு முன்பாகவே, "இல்ல மேடம், இன்னும் கூச்சப்பட்டுக்கினே கீறாரு" என்று பதில் சொல்லிவிடுவாள்.

இன்றைக்குச் சாப்பிட உட்காரும் முன்பே 'முடிந்தது' என்று நானே அமுக்கிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி,
9 ஜூன் 2024, ஞாயிற்றுக்கிழமை.