அலுமாரிக்குள் ஒரு காலிறுதி

இந்த விடுமுறையில் ரீவி பார்ப்பதில்லை என்று தபோதரன் தன் மனைவி சந்திராவின் கையிலடித்துச் சத்தியம் செய்தார். செய்த கையோடு சுவரில் துளைபோடும் ட்றில்லைத் தேடப் போனார்.

அவர்களிடம் ஒரு பழைய கரவன் இருந்தது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே ஒருவர் கொட்டாவி விட்டால் மற்றவர் விலகி நிற்கவேண்டும். ஜெர்மனியில் அவர்கள் இருந்த ஹம் நகரிலிருந்து அதை ஏரிக்கரைக்கு இழுத்துப்போய் ஒரு கிழமை தங்குவது சந்திராவின் ஆசை. "முகத்தைப் பாத்துக் கதைக்கப் போறம். ரீவி வந்தா நான் வரமாட்டன்" என்று சொல்லியிருந்தார். அந்தக் கிழமைதான் உலகக் கோப்பையில் ஜெர்மனியின் காலிறுதி ஆட்டம்.

சந்திரா வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தபோதரன் காரியத்தைத் தொடங்கினார். அடுப்புக்கு மேலே ஓர் அலுமாரி. அதற்குள்ளிருந்த சாப்பாட்டுக் கோப்பைகளை அள்ளி வெளியே வைத்தார். உலகக் கோப்பைக்காக வீட்டுக் கோப்பைகள் நிலவறைக்கு இடம்பெயர்ந்தன. அந்த இடத்தில் ஒரு குட்டி ரீவியை மாட்டிக் கதவைச் சாத்தினார். வெளியே ஒரு தடயமும் இல்லை. கரவனுக்குள் இப்படியொரு கரவா என்று தானே சொல்லித் தானே சிரித்தார்.

ஏரிக்கரைக்குப் போன அன்றே விசாரணை வந்தது.

"கோப்பையள் எங்கை?"

"கடதாசிக் கோப்பை வாங்கி வந்திருக்கிறன். லீவிலையும் நீர் கோப்பை கழுவுறதோ?"

"இந்த அலுமாரி ஏன் திறக்குதில்லை?"

"பூட்டுப் பழுது. இழுத்தா கதவு கழண்டு உம்மடை தலையிலை விழும்."

"என்ரை தலையிலை இவ்வளவு அக்கறையோ?"

சந்திரா அலுமாரிக் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தார். வெளியே போய்க் கரவனை ஒருமுறை சுற்றி வந்தார். திரும்பியபோது முகத்தில் நல்ல மலர்ச்சி. ஏரிக் காற்றாக்கும் என்று தபோதரன் நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் நடக்கும் பின்னேரம் தபோதரன் அறிவித்தார்.

"இண்டைக்குச் சமையல் நான். நீர் வெளியிலை போய் இரும்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் ஒலிக்காத வசனம். சந்திரா கொஞ்சமும் அசரவில்லை.

"ஓம், நல்லது. நான் கரவனுக்குப் பின்னாலை நிழலிலை இருக்கிறன். பக்கத்துக் கரவன் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் பிளோறன்ஸ் அக்காவும் வரினம். கொஞ்சம் கூடப் போடுங்கோ."

தபோதரன் யன்னல் சீலைகளை இழுத்து மூடினார். ஒரு காதில் ஹெட்போன், கையில் அகப்பை, தலை அலுமாரிக்குள். வாசலில் சந்திராவின் குரல்.

"என்னப்பா, அதுக்குள்ளை என்ன செய்யிறியள்?"

"உப்புத் தேடுறன்."

"பூட்டுப் பழுதெண்டியள்?"

"இப்பதான் திருத்தினனான்."

"கெட்டிக்காரன். இன்னும் நாலு பேர் வரினம், றொட்டியும் சுடுங்கோ."

ஜெர்மனி முன்னேற அவர் மா குழைத்தார். இடைவேளையில் தேங்காய் துருவினார். "மீன் பொரிக்க ஏலுமோ?" என்று அடுத்த ஓலை வந்தது. ஏலும் என்றார். ஆட்கள் உள்ளே வராதவரை அவருக்கு எல்லாம் ஏலும்.

ஒன்றுதான் விளங்கவில்லை. இணையத்தில் ஓடிய அவருடைய ரீவியில் பந்து நடுவில் உருண்டுகொண்டிருக்கும்போதே வெளியே ஆரவாரம் எழும்பியது. கொஞ்சம் கழித்துத்தான் இங்கே கோல் விழுந்தது. ஜெர்மன்காரர் சந்தோசப்படுவதற்கும் முன்கூட்டியே நேரம் குறித்துத் தெர்மீன் எடுத்து வைப்பார்கள்போல என்று வியந்தபடி மீனைப் புரட்டினார்.

ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கடைசி உதை. ஜெர்மன் வீரன் ஓடி வந்தான். மின்னடுப்பும் கேத்திலும் ரீவியும் ஒன்றாக மின்சாரத்தை உறிஞ்சியதில் பட்டென்று எல்லாம் அணைந்தது. கரவனுக்குப் பின்னால் காடு அதிரக் கூச்சல். தபோதரன் அகப்பையோடு ஓடினார்.

மரங்கள் கவிந்து இருண்டிருந்த பின்பக்கத்தில் ஊரே கதிரை போட்டு இருந்தது. நடுவில் சந்திரா. கரவனின் வெளிச்சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு. அந்தோனிப்பிள்ளை அண்ணை தேவாலயத்தில் பாட்டு வரிகள் காட்டும், இப்போது அவருடைய கரவனிலிருந்து மின்சாரம் இழுத்து ஓடிய புரொஜெக்டரிலிருந்து வெளிச்சம் பாய, அதில் ஜெர்மன் வீரர்கள் ஆளுயரத்துக்குக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"சந்திரா, ரீவி கூடாதெண்டு சத்தியம் வாங்கினது நீர்."

"ஓம். அதை உங்கடை திருகாணி உடைச்சுக்கொண்டு வெளியிலை வந்திட்டுது. வந்த அண்டே கண்டனான்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். விரிப்பின் மூலைகள் தொங்கியது, ரீவியை மாட்ட அவர் முறுக்கிய முறுக்கில் சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு திருகாணிகளில்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா இவ்வளவு பேருக்கும் ஆர் சமைக்கிறது?"

அவர் நின்ற நிலையைப் பார்த்துச் சந்திராவுக்கே பாவமாகிவிட்டது. குரலைத் தணித்துச் சொன்னார்.

"மீனைக் கொண்டாங்கோப்பா. அரையிறுதிக்குத் திருகாணியை இன்னும் கொஞ்சம் மேலை ஏத்திப் பூட்டுங்கோ, பந்தடிக்கிற ஆக்களின்ரை காலெல்லாம் புல்லுக்கை போகுது."