கொடியில் காணாமல்போன ஜட்டி

மும்பை மாட்டுங்காவில் வெட்கம் என்ற ஒன்று இல்லாமலே பிறந்த ஒரே மனிதர் எங்கள் கட்டடத்து ஜட்டி மாமாதான். அவருடைய நிஜப் பெயர் மின்சார பில்லுக்கு மட்டும் தெரியும். ரிடையரான பிறகு, பின்பக்க வராந்தாவில் எல்லா வீட்டுத் துணிகளும் காய்கிற கொடிகளை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

அவர் சித்தாந்தம் எளிது: ஆண்களுக்கு வரும் சகல துன்பத்துக்கும் ஈர ஜட்டிதான் காரணம். மூன்றாம் மாடிக்காரருக்கு ப்ரமோஷன் தவறியதா? ஈர ஜட்டி. மனைவியோடு சண்டையா? ஈரமும் இறுக்கமுமான ஜட்டி. சொசைட்டி மீட்டிங்கில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கருத்துக் கேட்டால், சோப்பு போக அலசாத துணியால் தொடையிடுக்கில் வரும் எரிச்சலைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவார். பெண்கள் நாங்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் என் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, உன் பிள்ளை ஊர்ல இல்லையா?"

"இருக்கானே மாமா."

"அவன் ஜட்டி கொடிக்கே வரதில்லையே. ஒண்ணு, போட்டுக்கறதையே நிறுத்திட்டான். இல்லாட்டா எதையோ மறைக்கறான்."

சிரித்து மழுப்பிக் கதவைச் சாத்தினேன். விக்ரோலியில் வேலைக்குப் போகிற என் பிள்ளை சில வாரங்களாகக் குதிரையிலிருந்து இறங்கியவன் மாதிரி நடந்துகொண்டிருந்தான். குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. என்ன என்று கேட்டால் எரிந்து விழுந்தான். பெற்றவள் மனம் எந்தெந்த வியாதிக்கெல்லாமோ போய்விட்டு வந்தது. "நீங்கள் கேளுங்கள்" என்று கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

கேட்டது மாமாதான். ஆபீஸிலிருந்து வந்தவனைப் படியிலேயே மறித்தார். எங்களிடம் வாய் திறக்காதவன், வெட்கமே இல்லாத மனிதரிடம் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மழையில் நனைந்த ஜீன்ஸோடு நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்ததில் தொடையிடுக்கில் அரிப்பு ஆரம்பித்திருக்கிறது. கிருமி சாகட்டும் என்று, தரை துடைக்க வைத்திருந்த மருந்தைத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றியிருக்கிறான். வெந்துபோனதும் மெடிக்கல் ஸ்டோர்காரர் கொடுத்த க்ரீமைத் தடவ, முதலில் சுகம், பிறகு அரிப்பு இரண்டு மடங்கு. தோல் வெடித்து ரத்தக் கறை படவே, ஜட்டிகளை ரகசியமாகத் துவைத்து பீரோவுக்குப் பின்னால் உலர்த்தி, அரை ஈரத்தோடு போட்டுக்கொண்டிருக்கிறான். தனக்கு என்ன வியாதி என்பதை போனில் தேடி, ஏறக்குறைய உயில் எழுதும் நிலைக்கு வந்திருந்தான்.

"செத்தாலும் டாக்டர்கிட்ட காட்ட மாட்டேன், மாமா."

"செத்தா குளிப்பாட்டறவன் பார்ப்பானேடா. அதுக்கு முன்னாடி டாக்டர் பார்க்கட்டும்."

மாமா வந்து என்னிடம் விஷயத்தைச் சொல்ல, செம்பூரில் ஒரு தோல் டாக்டரிடம் அவன், நான், மாமா மூவரும் போனோம். காத்திருக்கும் அறை நிரம்பி வழிந்தது. எனக்குத் தூரத்து மூலையில்தான் இடம் கிடைத்தது. கவுன்டரில் இருந்த பெண், என்ன தொந்தரவு என்று அறைக்கே கேட்கும்படி ஹிந்தியில் கேட்டாள். என் பிள்ளை முகம் வெளுத்து வாசல் பக்கம் திரும்பினான். அந்தப் படியை இறங்கினால் அவன் மறுபடி ஏற மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மாமா எழுந்தார். சொசைட்டி மீட்டிங் குரலில் சொன்னார்: "முஜே ஹை. குஜ்லி. நீச்சே. பஹுத்." எனக்குத்தான் அரிப்பு, கீழே, ரொம்ப என்று.

அறையே அவரைத்தான் பார்த்தது. என் பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. "பையன் முதல்ல உள்ள போய் விவரம் சொல்வான், எனக்குக் கூச்சம்" என்று சேர்த்துக்கொண்டு டோக்கனை அவன் கையில் திணித்தார். அவன் உள்ளே போனான்.

உள்ளே டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லையாம். ஈரத்தில் வந்த சாதாரணப் படைதான். எரித்தது தரை மருந்து, வளர்த்தது கடை க்ரீம். இரண்டையும் விட்டுவிட்டு, வாசனை சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி, நன்றாகக் காய்ந்த தளர்வான பருத்தித் துணி போடு, அரிப்பு நின்றாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே என்றாராம்.

இதெல்லாம் வெளியே எனக்கு அப்போது தெரியாது. நான் பார்த்ததெல்லாம், மாமா உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து எழுந்து போனதைத்தான். அத்தனை கூட்டத்திலும் அந்த நீள பெஞ்சில் அவர் ஒருவர் மட்டும், காலை ஆட்டிக்கொண்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் போய் அவர் பக்கத்தில், நன்றாக ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.