தையல் மெஷினில் கெட்ட அலை

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு விற்காமல் தவித்தவர்கள் முன்பெல்லாம் விலையைக் குறைத்தார்கள். ஜெகதீஸ்வரன் வந்த பிறகு சோபாவைத் திருப்ப ஆரம்பித்தார்கள்.

'இல்ல அலை நிபுணர்' என்று அவருடைய கார்டில் அச்சிட்டிருந்தது. வாஸ்து பார்ப்பவர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். "வாஸ்து கட்டடத்துக்கு. நான் பார்க்கிறது உள்ள இருக்கிற சாமானுக்கு" என்பார். நியாயம்தானே? சுவரை இடிக்கச் சொன்னால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார். கட்டிலை நகர்த்தச் சொன்னால் நாலு பேரைக் கூட்டிவந்து நகர்த்துவார்.

அவர் கையில் 'ட' எழுத்துபோல் வளைந்த ஒரு பித்தளைக் கம்பி இருக்கும். கம்பி வலப்பக்கம் திரும்பினால் அந்தச் சாமானில் நல்ல அலை. இடப்பக்கம் திரும்பினால் கெட்ட அலை. வாங்க வருகிறவர் மனத்தை அது கலைத்துவிடும். பிடித்திருக்கும் கையை லேசாகச் சாய்த்தாலே கம்பி திரும்பும். ஆனால் எல்லாரும் கம்பியையே பார்த்தார்கள், கையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். வங்கி மேனேஜர் நின்றார், கல்லூரி லெக்சரர் நின்றார். கம்ப்யூட்டருக்கு யோசிக்கச் சொல்லிக்கொடுக்கும் கம்பெனியில் பெரிய வேலையிலிருக்கும் கணேஷ்குமார் பதினேழாம் நம்பர் டோக்கனோடு நின்றார்.

கெட்ட அலை உள்ள சாமான்களை ஜெகதீஸ்வரனே தன் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். ஊருக்கு வெளியே கொண்டுபோய் மண்ணில் புதைப்பதாகச் சொல்வார். அந்த இடத்தில் வைப்பதற்குச் 'சுத்தி செய்த' சாமான்களை வாடகைக்குக் கொடுப்பார். வீடு விற்கும்வரை வாடகை ஓடும். வீடு விற்காவிட்டால்? இன்னும் நன்றாக ஓடும்.

நாராயணசாமி சனத்நகரில் ஒரு இன்ஜினீயரிங் ஒர்க்ஸில் ஃபோர்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு தலைமுடி அளவு கூடினாலும் 'செல்லாது' என்று இரும்புத் துண்டைத் தூக்கி எறிந்தவர். அப்படிப்பட்டவரும் டோக்கன் வாங்கினார்.

அவருக்கு அவசரம் இருந்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மனைவி கனகத்துக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. எட்டு மாதத்தில் இரண்டே முறை கீழே இறங்கியிருந்தாள். இரண்டு முறையும் டாக்டரிடம் போக, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். குஷாய்குடாவில் அவள் தங்கை கல்பகத்தின் தெருவிலேயே தரைத்தள வீடு ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் தசரா வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு.

பதினோரு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் நூர் முகமது என்பவர் மட்டும் ஹால் சுவரைத் தொட்டுப் பார்த்து, "கைக்கு சார் இது நனைஞ்சிருக்கு, ஏன்?" என்று கேட்டார். "மழைக்காலம்தானே" என்றார் நாராயணசாமி. அது மே மாதம்.

ஜெகதீஸ்வரன் வந்தார். படியேறும்போதே கம்பியை நீட்டினார். இரண்டாவது மாடியில் அது இடப்பக்கம் திரும்பியது.

"அடேயப்பா! சுவரைத் தாண்டி அடிக்குதே. மேல என்ன வெச்சிருக்கீங்க?"

மேலே ஹாலில், ஜாக்கெட் துணிகளுக்கு நடுவில், கனகத்தின் தையல் மெஷின் இருந்தது.

"இதுதான். ஊசி குத்துற அலை. வாங்க வர்றவன் நெஞ்சுல குத்தும், அவன் திரும்பிடுவான். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்." போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "பீரோவை அந்தச் சுவர் ஓரமாத் தள்ளுங்க. அங்க அலை கசியுது."

அங்கே கசிந்தது தண்ணீர். பீரோ அதை நன்றாகவே மறைத்தது.

கீழே இறங்க முடியாத கனகத்துக்கு அந்த மெஷின்தான் ஊர். ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள் சொல்லித்தான் கடைத்தெருவில் நடப்பது அவளுக்குத் தெரியும். ஜெகதீஸ்வரன் போன பிறகு அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இதையும் எடுத்துட்டா நான் நாள் முழுக்க என்ன பண்ணுவேன்?"

"உன் காலுக்காகத்தானே கனகம் இவ்வளவும்" என்றார் அவர். அவர் கெட்டவரில்லை. பயந்திருந்தார், அவ்வளவுதான். ஜெகதீஸ்வரன்களுக்கு முதலீடே அந்தப் பயம்தான்.

கனகம் தங்கைக்குப் போன் செய்தாள்.

கல்பகம் குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவள். சனிக்கிழமை மத்தியானமே வந்து இறங்கினாள். அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள்.

ஞாயிறு காலை ஜெகதீஸ்வரன் வந்தபோது படிக்கட்டு முழுக்கக் கூட்டம். மெஷினுக்குப் பதிலாகச் சுத்தி செய்த கண்ணாடி ஒன்றை இரண்டு ஆட்கள் தூக்கி வந்து ஹாலில் சாய்த்து வைத்தார்கள். மெஷின் இருந்த இடம் காலி.

கல்பகம் கைகூப்பினாள்.

"சார், ஒரு சங்கடம். எங்கக்காவுக்கு மனசு வரல. மெஷினை எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டா. கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா."

"கனகம்!" என்றார் நாராயணசாமி. கனகம் ஜன்னலைப் பார்த்தாள்.

"இந்த மாடியை விட்டு வெளிய போகல, அது மட்டும் நிச்சயம்" என்றாள் கல்பகம். "உங்களுக்கென்ன சார், படிக்கட்டுலயே கண்டுபிடிச்சவர். கம்பியை வெச்சுப் பார்த்து எடுத்துட்டுப் போங்க."

கூட்டம் ஆமாம் என்றது. ஜெகதீஸ்வரன் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை, கம்பியை நீட்டினார்.

கம்பி பரணைக் காட்டியது. ஏறிப் பார்த்தார்கள், பழைய எண்ணெய் டின்கள். கட்டிலுக்கு அடியைக் காட்டியது. ஒற்றைச் செருப்பு. பால்கனியைக் காட்டியது. துவரம்பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டைக் காட்டியது. அங்கே பாத்ரூமிலிருந்து ஒருவர் துண்டோடு ஓடிவந்து தெலுங்கில் திட்டினார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரன் ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். கல்பகம் காபி கொடுத்தாள். பக்கத்தில் தரைவரை விரிப்பு தொங்கும் சின்ன மேஜை இருந்தது, மேலே ஒரு பூச்சாடி. டம்ளரை அதன்மேல் வைத்தார்.

"அந்தம்மா மெஷினைக் கீழ அனுப்பிட்டாங்க. அலையே இல்ல" என்றார்.

"அப்படியா? சரி, இந்த மேஜையாவது இங்க இருக்கலாமா சார்?"

இழந்ததை மீட்க நல்ல வாய்ப்பு. எழுந்து கம்பியை நீட்டினார். அது வலப்பக்கம் பளிச்சென்று திரும்பியது.

"அமோகம்! வீட்டுலயே நல்ல அலை இதுலதான். நகர்த்தவே கூடாது. இந்த மேஜைதான் உங்க வீட்டை வித்துத் தரப்போகுது."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"கம்பி பொய் சொல்லாதும்மா."

கனகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மெல்ல நடந்து வந்தாள். காபி டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பூச்சாடியைக் கீழே வைத்தாள். விரிப்பை உருவினாள். மேஜைப் பலகையைத் திறந்து, உள்ளே மடங்கிக் கிடந்த மெஷினைத் தூக்கி நிறுத்தினாள். கையால் சக்கரத்தைச் சுழற்றி ஒரு ஓட்டு ஓட்டினாள். டக டக டக.

"இத்தனை நேரம் உங்க முட்டியில இடிச்சுக்கிட்டிருந்துச்சு" என்றாள். "நெஞ்சுல குத்தலையா?"

படிக்கட்டில் ஆரம்பித்த சிரிப்பு மூன்று மாடியும் இறங்கியது.

"துணி... துணி மறைச்சிருச்சு!" என்றார் ஜெகதீஸ்வரன். "துணி அலையைத் தடுக்கும்."

"காங்கிரீட் சுவர் தடுக்கல, துணி தடுத்துடுச்சா?" என்றாள் கல்பகம். "அப்ப எதுக்கு வேன்? கெட்ட சாமான் எல்லாத்துக்கும் ஒரு பெட்ஷீட் போட்டுட்டாப் போதுமே?"

இதற்குள் முதல் மாடி கிரிஜா அந்தச் சுத்தி செய்த கண்ணாடியைத் திருப்பியிருந்தாள். போன மாதம் அவள் வீட்டில் கெட்ட அலை என்று எடுத்துப்போனதும் ஒரு கண்ணாடிதான். பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில் எழுத்து இருந்தது. உரக்கப் படித்தாள்:

"கிரிஜா - ராமச்சந்திரன் திருமணத்துக்கு அன்பளிப்பு!"

படிக்கட்டில் சிரிப்பு நின்றுபோனது. என் டைனிங் டேபிள் எங்கே, என் ஊஞ்சல் எங்கே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கீழே வேனைச் சுற்றி நின்றுகொண்டார்கள். புதைத்த சாமான்கள் எல்லாம் யார் யார் வீட்டு ஹாலில் வாடகைக்கு நிற்கின்றன என்று ஜெகதீஸ்வரன் ஒவ்வொன்றாகச் சொல்லும்வரை வண்டி நகரவில்லை. மறுவாரமே காலனியில் சோபாக்கள் ஊர்வலம் போல வீடு திரும்பின.

எல்லாரும் போனபின் கணேஷ்குமார் மட்டும் தயங்கி நின்றார்.

"மேடம், அந்தத் துணி என்ன கலர்ல இருந்தா அலையைத் தடுக்கும்?"

கல்பகம் கதவைச் சாத்தினாள்.

நாராயணசாமி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "என்னை நாலு திட்டாவது திட்டு கல்பகம்."

"நக்கோ அத்தான், அதெல்லாம் வேணாம். திட்டுனா சுவர் காயாது. பீரோவைப் பிடிங்க."

பீரோவை நகர்த்தினார்கள். சுவர் பாசி பிடித்திருந்தது. மறுநாள் பிளம்பர் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் குழாயில் இருந்த விரிசலை அரை நாளில் அடைத்தார். சுவர் காய்ந்ததும் வெள்ளையடித்தார்கள். வேண்டாத மூட்டைகளைக் கழித்து, ஜன்னலை மறைத்த அலமாரியை உள்ளறைக்கு மாற்றினார்கள். ஹாலில் வெயில் விழுந்தது. வருகிறவர் வீட்டைப் பார்க்கும்படி சாமான் வைப்பதும் ஒரு வேலைதான். அதற்குக் கண் போதும்.

கல்பகமே நூர் முகமதுவுக்குப் போன் செய்தாள். அவர் மனைவியோடு வந்தார். குழாய் எங்கே உடைந்திருந்தது என்பதை நாராயணசாமி மறைக்காமல் காட்டினார். நூர் முகமது சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஹவ், ஆமா, இப்ப காஞ்சிருக்கு" என்றார்.

தசராவுக்கு நாலு நாள் முன்னால் கனகத்தை நாற்காலியில் கடைசி முறையாகக் கீழே இறக்கினார்கள். குஷாய்குடா வீட்டில் அவள் தானே நடந்து தெருவாசலுக்கு வந்து, காய்கறி வண்டிக்காரரிடம் கால் மணி நேரம் பேரம் பேசினாள். எதுவும் வாங்கவில்லை.

ஜெகதீஸ்வரன் இப்போது நகரத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறாராம். கம்பியை விட்டுவிட்டுப் பளிங்கு உருண்டை வைத்துப் பார்க்கிறாராம். அங்கேயும் டோக்கன் கொடுக்கிறார்களாம். நீங்களும் வரிசையில் நிற்பதாக இருந்தால், அதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள். கிழக்கோ மேற்கோ, எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தாலும் மூளை வேலை செய்யும்.