சம்மதத்துக்கு எத்தனை கிலோஹெர்ட்ஸ்?

மதிப்பிற்குரிய அக்காவின் சமூகத்துக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் என் ஷார்ட்வேவ் செட்டும் சுகம். அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நிற்க.

நிற்கவே முடியல அக்கா, குதிச்சுக்கிட்டு இருக்கேன்! நாப்பத்திரண்டு வயசுல உன் தம்பிக்குக் கல்யாணம்! பொண்ணு யாருன்னு கேக்குறியா? போன் எட்டாத பாறைமேல லைட்ஹவுஸ் பாத்துக்கிட்டு, ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ரேடியோல என்னோட பேசுறாங்களே, அவங்கதான். பேச்செல்லாம் ஃபில்டரைப் பத்தித்தான். பக்கத்து ஸ்டேஷன்காரன் உள்ள புகுந்துடாம செட்டுக்குள்ள நிக்கிற வாட்ச்மேன்தான் ஃபில்டர்னு உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கேன், நீயும் நூறு தடவை கொட்டாவி விட்டிருக்க. போன மாசம் 'எங்கிட்ட ஒரு மெக்கானிக்கல் ஃபில்டர் இல்லையே'ன்னு புலம்பிக்கிட்டு இருந்தவன், எங்கிருந்து வந்துச்சோ தைரியம், அதே மூச்சுல 'உங்க மனசை எனக்குத் தர சம்மதமா?'ன்னு கேட்டுட்டேன். கேட்டுட்டு ஸ்பீக்கர்ல காதை ஒட்டிக்கிட்டேன்.

பதில் வந்துச்சு. ஆனா என் செட்டுல இருந்தது செராமிக் ஃபில்டர். விலை கொள்ளை மலிவு, அகலமோ பஸ் ஸ்டாண்ட் வாசல், யார் வேணா உள்ள வரலாம். 'தர சம்ம...'ன்னு அவங்க ஆரம்பிக்க, பக்கத்து ஸ்டேஷன் வானிலைக்காரர் '...அடுத்த இருபத்துநாலு மணி நேரத்தில் வலுவிழந்துவிடும்'னு முடிச்சு வெச்சார். அந்தப் படுபாவி நல்லா இருப்பானா! வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கல. அடுத்த ஞாயிறு கிறிஸ்டல் ஃபில்டரை மாட்டி, 'இன்னொரு தடவை சொல்லுங்க'ன்னேன். அது மோர்ஸ் தந்திக்குன்னே செஞ்ச குறுகல் சாமான். வானிலைக்காரர் ஒழிஞ்சார், கூடவே அவங்க வார்த்தையும் ஒழிஞ்சுது. பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி 'ம்ம ம்ம'ன்னு கேட்டுச்சு. மூணாவது வாரம் ரேடியோ ரிப்பேர்க்காரர் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி, அவரோட மெக்கானிக்கல் ஃபில்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கிட்டு வந்து சால்டர் வெச்சேன். கட்டைவிரலைச் சுட்டுக்கிட்டேன், போகட்டும். அகலம் கச்சிதமா ரெண்டரை கிலோஹெர்ட்ஸ் அக்கா, மனுஷக் குரலுக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை! 'எத்தனை தடவைங்க சொல்றது? தர சம்மதம், சம்மதம், சம்மதம்!' அவங்க சிரிக்கிறதுகூடக் கேட்டுச்சு. நான் அழுதுட்டேன்.

ஆகவே கடிதம் கண்டவுடன் மண்டபம் பேசி முன்பணம் கொடுத்துவிடவும். அத்தானை இப்போதே லீவுக்கு எழுதிப்போடச் சொல்லவும். அவருக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தங்களும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையாகப் போகும் உன் தம்பி

பி.கு.: மண்டபம் பேச வேண்டாம். கவரை ஒட்டுறப்போ தபால்காரர் ஒரு பார்சல் குடுத்தார். உள்ள பஞ்சுக்கு நடுவுல ஒரு மெக்கானிக்கல் ஃபில்டர், கூடவே அவங்க சீட்டு: 'நீங்க கேட்டதை அனுப்பியிருக்கேன். என் செட்டுல ஒரு மாசமா மோர்ஸ் ஃபில்டர்தான் இருக்கு, பேச்சைப் பாதி ஊகிச்சுத்தான் புரிஞ்சுக்குறேன், அதனால "உங்க"வுக்கும் "எனக்குத் தர"வுக்கும் நடுவுல ஒரு வார்த்தை சரியா விழல. மெக்கானிக்கல் ஃபில்டர்தானே? வாராவாரம் திரும்பத் திரும்பக் கேட்டீங்களே, இதுமேல அவ்வளவு ஆசையா!' படிச்சிட்டுத் தரையிலேயே உக்காந்துட்டேன் அக்கா. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. அவங்க செட்டுல மோர்ஸ் ஃபில்டர்னா, பேச்சுதானே விழாது, தந்தி கணீர்னு விழுமே! வர்ற ஞாயிறு நான் வாயே திறக்கப் போறதில்ல. 'மனசு', மூணே எழுத்து, தந்தியில அடிக்கப் போறேன். ஒரு புள்ளிகூடத் தப்பாம போய்ச் சேரணும்னு வேண்டிக்கோ.